ஐந்தடி உயரத்தில் ஒரு முயல்கடி

செங்குச்சிச் செடி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற ஒரே தப்பு, அதை வெட்டப் பயப்படுவது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும், அம்மா. காபி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எலுமிச்சை இனிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததல்ல, பயப்பட வேண்டாம்.

டாக்வுட் என்று நர்சரியில் சீட்டு ஒட்டி விற்கிற இந்தச் செடியின் குச்சி, இளசாக இருக்கும்வரைதான் சிவப்பு. இலையெல்லாம் உதிர்ந்து, ஏரி உறைந்து, ஊரே சாம்பல் பூசிக்கொண்டு கிடக்கும்போது அது மட்டும் குங்குமம் அப்பியதுபோல் நிற்கும். மூன்று நான்கு வருஷம் போனால் பட்டை தடித்துக் கிழட்டு நிறம் வந்துவிடும். அதனால் பனி கரைகிற பருவத்தில், மொட்டு அவிழும் முன், மூன்றில் ஒரு பங்கு கிழட்டுக் குச்சிகளைத் தரையோடு தரையாக அறுத்து எடுக்க வேண்டும். அந்த இடத்தில் புதுசு கிளம்பும். கிழடு ஒதுங்கினால்தான் இளசுக்கு இடம். செடி இதைத் தகராறு இல்லாமல் ஒப்புக்கொள்ளும்.

நீங்கள் வந்திருப்பது செடிக்காக அல்ல, முயலுக்காக என்று எனக்குத் தெரியும். மார்லிஸ் அம்மாளின் டோர்வால்டை இன்று கூண்டில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறீர்கள். பண்ணைக்கு அனுப்புவோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னீர்களாம். எங்கள் நார்ஹெய்மிலிருந்து பண்ணைக்குப் போன நாயும் பூனையும் ஏராளம். போனது எதுவும் கிறிஸ்துமஸுக்குக்கூட ஊர்ப்பக்கம் வந்ததில்லை. ஏற்றுவதற்கு முன், முயலை நேரில் பார்த்த சாட்சி என்று என் வாக்குமூலம் வேண்டும் உங்களுக்கு. தருகிறேன். சாட்சி என்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

முப்பது வருஷம் இந்த ஊரின் பனிவாரி லாரியை ஓட்டியவன் நான். எல்ராய் பக்கெடால் என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். எனக்குப் பின்னால் கல்யாண ஊர்வலம் போயிருக்கிறது, சவ ஊர்வலம் போயிருக்கிறது, பிரசவ வலி வந்த பெண்களும் போயிருக்கிறார்கள். ஒருத்தி குழந்தைக்கு என் பெயரை வைக்கப் பார்த்தாள், பெண்ணாகப் பிறந்ததால் தப்பித்தது. ஒரு குளிர்காலத்தில் பனி அவ்வளவு உயரம். தேவாலயத்தின் கோபுரச் சிலுவையில் லாரியின் கலப்பை தட்டிய பிறகுதான் நான் சாலையை விட்டு விலகியிருப்பது தெரிந்தது. இதை எழுத வேண்டாம். நான் சொல்ல வந்தது, யாரையும் நன்றி சொல்ல விட்டதில்லை என்பதைத்தான். வாயைத் திறக்கும் முன்பே, "அதுக்கென்ன" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை நகர்த்திவிடுவேன். ஒரு ஊரில் "அதுக்கென்ன" சொல்கிற ஆளாக இருப்பது எவ்வளவு சுகம் என்பது, அதைக் கேட்கிற ஆளாக மாறும்போதுதான் தெரியும்.

பக்கத்து வீட்டுக்கு டுவெய்ன் கிட்டல்சன் குடிவந்தான். பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்லவன். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் நான் அவனைத் தூற்றினேன் என்று சொல்லக்கூடாது. அவன் வந்த வருஷம்தான் என் இரண்டு முட்டியையும் அறுத்து இரும்பு வைத்தார்கள். முதல் பனி விழுந்த காலை நான் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வெளியே வந்தால், என் வாசலிலிருந்து தெருவரை தரை தெரிகிறது. தரை என்றால் சும்மா இல்லை, துடைத்த தட்டுபோல. டுவெய்ன் தன் பனி ஊதும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

"என்ன டுவெய்ன், உனக்கெதுக்கு இந்தச் சிரமம்?" என்றேன்.

"அதுக்கென்ன பெரியவரே," என்றான்.

என் வார்த்தை, அம்மா. கேட்காமல் எடுத்துக்கொண்டான்.

எங்கள் ஊரில் உதவி என்பது லேசான சாமான் இல்லை. வந்தால் திரும்பிப் போக வேண்டும். நான் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தது, உள்ளே ஏரிமீன் துண்டங்களோடு. நான் அவன் படகுத்துறையின் பலகைக்கு ஆணி அடித்துக்கொடுத்தேன். ஒரு நாள் நான் மருத்துவரிடம் போய்விட்டுத் திரும்பினால் என் கொட்டகைக்கு வர்ணம் பூசியிருக்கிறான். அவனை முந்தவேண்டும் என்று சேவல் கூவும் முன் எழுந்து பார்த்தேன். அவன் சேவலுக்கும் சேர்த்துப் பாதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். வருஷம் பதினொன்று இப்படி. தேவாலயத்தில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டுவெய்ன் பக்கத்து வீட்ல இருக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும் எல்ராய்" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். கடைசியில் பார்த்தால் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய உத்தியோகம்.

போன இலையுதிர் பருவத்தில் டுவெய்னும் அவன் மனைவியும் குளிருக்குத் தப்பி அரிசோனாவுக்குக் கிளம்பினார்கள். தன் முட்டி வலிக்கு வெயில் நல்லது என்று மனைவி கட்டாயப்படுத்தினாளாம். வண்டியில் ஏறும்போது டுவெய்ன் கண்ணாடியை இறக்கினான்.

"பெரியவரே, சிரமமில்லன்னா, அப்பப்ப அந்தச் செங்குச்சி வேலியை ஒரு பார்வை பாத்துக்குவீங்களா?"

பதினொரு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்கென்ன" என்றேன். வாய் மறந்துவிடவில்லை.

அந்த வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டடி உயரம். இந்த மாவட்டத்திலேயே அத்தனை சிவப்புக் கிடையாது. டிசம்பரில் தேவாலய வாசலின் இரண்டு பெரிய தொட்டிகளில் தேவதாரு இலையோடு சொருக, பெண்கள் அதில்தான் குச்சி வெட்டுவார்கள். போன டிசம்பர் தேவாலயத்துக்கு நூறாவது வருஷம், பேராயரே வருவதாக ஏற்பாடு. நான் பொறுப்பை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கத்தரியைத் தீட்டினேன்.

மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னேன் அல்லவா? வெட்ட வேண்டியது கிழட்டுக் குச்சியை, அதுவும் அடியில், அதுவும் வசந்தத்தில். ஆனால் என் முட்டி மடங்காது. அடி எட்டாது. தோள் உயரத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வெட்ட முடியும். தோள் உயரத்தில் இளசுதான் இருந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

முதல் பங்கு வெட்டியதும் உற்றுப் பார்த்தேன். சில குச்சிகளில் குட்டிச் சிப்பிகளை வரிசையாக ஒட்டவைத்ததுபோல் செதிள் பூச்சி. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். நானும் பிரஷ்ஷைத் தேடினேன், கிடைக்கவில்லை. கத்தரி கையிலேயே இருந்தது. அடுத்த வாரம் பட்டையில் கறுத்துக் குழிந்த சொறி. அதற்குக் கீழே நல்ல பாகம் வரை வெட்டி எறிவதுதான் வைத்தியம். எது சொறி, எது சாயங்கால நிழல் என்று என் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சந்தேகத்தின் பலனை நோய்க்கே கொடுத்தேன். பிறகு இலைப்புள்ளி நோய். அதற்கு உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளினால் போதும். குனிய வேண்டுமே. இலை எங்கிருந்து உதிர்ந்ததோ அதை எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் உதிராது என்று தோன்றியது.

ஒவ்வொரு முறையும் மிச்சமிருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். கணக்குப்படி அது ஒருநாளும் தீராது. ஆனால் ஒரு நாள் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, தோள் உயரத்துக்கு மேலே ஒன்றுமில்லை. கீழே கிழட்டுச் சாம்பல் நிறக் கட்டைகள் மட்டும், பல் போன சீப்புபோல. நான் கோபத்தில் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கோபக்காரன் மொட்டுக்கு மேலே கால் அங்குலம் விட்டு, மழைத்தண்ணீர் வழிகிற மாதிரி சரித்து வெட்டமாட்டான்.

தேவாலயத் தொட்டிகளுக்குப் பொறுப்பு மார்லிஸ் அம்மாள்தான். கூடையோடு வந்தாள். வேலியைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"எல்ராய், இதுக்கு என்ன ஆச்சு?"

இந்த இடத்தில் நான் ஒரு தாவரச் செய்தி சொன்னேன். மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லாததால் குச்சியைப் பிய்த்து இழுக்கும், நார் நாராகத் தொங்கும். முயலோ கத்தியால் சீவியதுபோல் சாய்வாக நறுக்கும். "இது சாய்வா இருக்கு பாருங்க" என்றேன். முயல் என்று நான் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள்.

இதில் குற்றம் பருவத்தினுடையது. மினசோட்டாவில் டிசம்பர் என்றால் இடுப்பளவு பனி கிடக்கும். முயல் அதன்மேல் ஏறி நின்று சாவகாசமாகச் சாப்பிடும், உயரம் ஒரு கேள்வியாகவே வராது. போன டிசம்பர் பனியே விழவில்லை. வெறும் பழுப்புப் புல். முப்பது வருஷம் பனி வாரியவன் பனி இல்லாததைக் கவனிக்கவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பழக்கதோஷம், அம்மா. ஆக, வெறுந்தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு முயல் கடித்திருந்தது.

வேறு ஊராக இருந்தால், "யோவ், கதை விடாதே" என்று ஒருத்தனாவது சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் மனிதனை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். அதைவிட முயலை வளர்த்துக்கொள்வார்கள். போதகர் வந்து தன் கையால் உயரம் பார்த்தார். கை போதவில்லை.

"கொஞ்சம் வளர்த்தியான முயலா இருக்கும்போல," என்றார்.

டீக்கடை மாதிரி எங்களுக்கு ஒரு காபிக்கடை உண்டு. அங்கே விசாரணை நடந்தது. நானும் இருந்தேன்.

"பின்னங்கால்ல நின்னிருக்கும்," என்றார் பெட்ரோல் பங்க் நடத்துகிற ஆர்டெல்.

"நின்னாலும் அஞ்சடி வருமா?" என்றான் தபால்காரன் குர்ட்.

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கலாமே."

"அப்ப கீழ நிக்கறதுக்கு என்ன லாபம்?"

"முறை வெச்சு மாத்திக்கும்."

"எங்க ஊட்டு நாய் ஒரு வாரமா வெளியே போகமாட்டேங்குது," என்றான் குர்ட், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"உன் நாய் செத்துப் போய் ரெண்டு வருஷமாச்சே."

"அதான் சொல்றேன், அதுக்கே பயம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன், கண்ணால் பார்த்திருப்பேனே என்று. என்ன நிறம் என்று ஆர்டெல் கேட்டார். கேட்கிறவர் மனம் நோகக்கூடாது. ஒருவிதமான சாம்பல் என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படியில்லை, நான்கு கால் என்றுதான் சொன்னேன்.

பேராயர் வந்தார். தொட்டிகளில் சொருக நல்ல குச்சி இல்லாததால் பெண்கள் கிழட்டுக் குச்சிகளை வெட்டி, களஞ்சியத்துக்குப் பூசும் சிவப்பு வர்ணத்தை அடித்துவைத்திருந்தார்கள். அது காயவில்லை. பேராயர் வெள்ளை அங்கியோடு குனிந்து முகர்ந்து பார்த்தார். அந்த ஆராதனை முழுவதும் அவர் மூக்கைப் பார்க்காமல் பாட ஊரே பாடுபட்டது. அன்றைக்குத்தான் முயல் விஷயம் கொஞ்சம் கடுமையாகிவிட்டது.

யாருக்கோ டோர்வால்ட் நினைவு வந்தது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அதை. வேட்டைநாய் அளவு இருக்கும், பெல்ஜியத்து ஜாதி. மார்லிஸ் அம்மாள் புருஷன் போனபிறகு வாங்கியது. துணி துவைக்கிற அறையில் உலர்த்தும் எந்திரத்தின் சூட்டில் சாய்ந்துகொண்டு தூங்கும். அதற்கும் மூட்டுவலி, என்னை மாதிரிதான், குதிக்க முடியாது. தோட்டம் பார்க்க ஆசைப்பட்டால் சறுக்குவண்டியில் உட்காரவைத்து அவள்தான் இழுத்துப் போவாள்.

யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பாத்திரங்களைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள். எங்கள் ஊரில் அந்தப் பாத்திரம் வந்தால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை விழப்போகிறது. ஏழாவது பாத்திரம் வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

"மறைக்காம சொல்லுங்க எல்ராய். நீங்க பாத்தது டோர்வால்டைத்தானா?"

"பனிமூட்டமா இருந்துச்சு," என்றேன்.

"எதாவது அடையாளம்?"

"காது பெருசா இருந்துச்சு."

எல்லா முயலுக்கும் காது பெரிசுதான், அம்மா. அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. "ஊருக்கு இவ்ளோ தொந்தரவு குடுத்துடுச்சே, மன்னிச்சுக்குங்க," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன்.

இப்போது ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். வெட்டிய குச்சிகளை நான் எறியவில்லை. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். வாளி வாளியாகத் தண்ணீரில் வைத்திருக்கிறேன். செங்குச்சி சுலபமாக வேர் விடும், விட்டிருக்கிறது. வசந்தத்தில் டுவெய்ன் வந்து மொட்டை வேலியைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது, வேர்விட்ட கன்றுகளைக் கொண்டுபோய் அவன் வாசலில் வரிசையாக அடுக்குவதாக இருந்தேன். அவன் நன்றி சொல்ல வாய் திறப்பான். நான் "அதுக்கென்ன" என்பேன். பதினொரு வருஷமும் நேராகிவிடும். டுவெய்னுக்கு ஒரு குறையும் கிடையாது, அதுதான் சிக்கல். குறையில்லாதவனுக்கு எப்படி உதவுவது? முதலில் குறை வேண்டும். அதை ஏற்பாடு செய்ய வேறு யாரும் முன்வரவில்லை.

நீங்கள் இந்த மார்ச்சில் முயலைப் பிடிக்க வரப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு டுவெய்ன் போன வாரம் விமானம் பிடித்து முன்கூட்டியே வந்துவிட்டான். வேலிக்கு முன் வெகுநேரம் நின்றான். நான் ஊன்றுகோலோடு போனேன்.

"கெட்டிக்கார முயல் பெரியவரே. மொட்டுக்கு மேல கால் அங்குலம் விட்டுச் சரிச்சு வெட்டியிருக்கு. என்கிட்ட படிச்ச பசங்க ஒருத்தனும் இவ்ளோ சுத்தமா வெட்டினதில்ல."

"அனுபவம் இருக்கும்," என்றேன்.

"முட்டி எப்படி இருக்கு உங்களுக்கு?"

"மடங்கமாட்டேங்குது."

வெட்டின உயரத்தைப் பார்த்தான். என் தோளைப் பார்த்தான். "ம்" என்றான். பிறகு, "போகட்டும், நான் பாத்துக்கறேன்," என்றான். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் குளிர்காலம் பெய்யாத பனியெல்லாம் நேற்று சேர்த்துப் பெய்தது. இன்று காலை வழக்கம்போல என் வாசல் தரை தெரிந்தது. டுவெய்ன் கதவைத் தட்டினான்.

"அந்த அதிகாரியம்மா வருவாங்கல்ல, நான் வந்து சொல்லிடறேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் வேலியை வெட்டினேன், வயசாச்சு, மறந்துட்டேன்னு. மார்லிஸ் முயலும் தப்பிச்சுடும், உங்களுக்கும் ஒரு பேச்சு வராது."

"நீ எதுக்குய்யா செய்யாததை..."

"அதுக்கென்ன பெரியவரே," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் வீட்டுப் பனியை அள்ளப் போய்விட்டான்.

என் பனியை அள்ளினான். என் கொட்டகைக்கு வர்ணம் அடித்தான். என் வார்த்தையை எடுத்துக்கொண்டான். என் குற்றத்தையும் அவனே செய்துவிட்டான் என்றால் எனக்கென்று இந்த ஊரில் என்ன இருக்கிறது? அதற்காகச் சொல்லவில்லை, மனசாட்சிதான். அந்த வாயில்லா ஜீவனை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதன் பெயர் என்ன சொன்னேன்? ஆமாம், டோர்வால்ட். டோர்வால்டுக்காகத்தான்.

எந்திரச் சத்தம் நின்றுவிட்டது, கேட்டீர்களா? இங்கேதான் வருகிறான். காபி அப்புறம் குடிக்கலாம் அம்மா, முதலில் எழுதுங்கள். முயல் இல்லை. நான்தான் வெட்டினேன். தீட்டிய கத்தரியால், நல்ல நினைவோடு, கடைசிக் குச்சிவரை நானே வெட்டினேன். எழுதிவிட்டீர்களா? அதற்குக் கீழே, "யாருடைய உதவியும் இல்லாமல்" என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.